தாய்க் கம்ப்யூட்டர்

“எந்தக் கம்ப்யூட்டரைத் தாயா வச்சேலே?” என்று கேட்டார் ராஜகுமார். தக்கலை முந்திரிக் கம்பெனியின் மேனேஜர் அவர்.

“கணக்கு எழுதுத அபிதாவுக்க கம்ப்யூட்டர்தான் சார். அதுல உள்ளதை அப்படியே நகலெடுத்து, நெட்வொர்க் வழியா எல்லாத்திலயும் ஏத்தியாச்சு,” என்றான், ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலெல்லாம் புரோகிராம்களைப் புதிதாக ஏற்ற வடசேரியிலிருந்து வந்திருந்த ஜெஃப்ரின்.

ராஜகுமார் தன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அது வேண்டாம்லே. வேற ஒண்ணை வச்சு மறுபடியும் ஏத்து.”

“ஏன் சார்? அதுல என்ன இருக்கு?”

“சொன்னதைச் செய்டே!”

“அவளுக்க கம்ப்யூட்டர்ல என்னெல்லாம் இருந்துதோ, அதெல்லாம் இப்ப எல்லாத்திலயும் ஓடுது சார். உங்க ரூம்ல உள்ளதுலயும்.”

ராஜகுமார் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். திரைக்கு மேலே கேமராவின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

போன மாதம் பழுது பார்ப்பதாகச் சொல்லி அபிதாவின் கம்ப்யூட்டரைத் திறந்தவர் அவர்தான். அதன் கேமராவில் தெரிவதெல்லாம் தன் போனுக்கு வரும்படி ரகசியமாகச் செய்துவைத்தவரும் அவர்தான்.

வெளியே கூடத்தில் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

மெல்லக் கதவைத் திறந்தார். எல்லோரும் அவரவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திரையிலும் அவருடைய காலி நாற்காலி தெரிந்தது.

அபிதா மட்டும் அவர் பக்கம் திரும்பினாள்.

“என் கம்ப்யூட்டரைத் தாயா எடுக்கச் சொல்லி ஜெஃப்ரின் அண்ணன்கிட்ட சொன்னது நான்தான் சார். நீங்க அதுல ஒளிச்சு வச்சதைக் கண்டுபிடிச்சு, யாரு யாரைப் பாக்கணும்ங்கதை மட்டும் மாத்தி வச்சேன். போய் உக்காருங்க. இனி நாங்க பாக்கோம்.”