தினம் நாலு கிண்ணம்

இந்தக் காலத்தில் யார் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்? வான்கூவர் மருந்துக்கடை கோனியும் கணினியைப் பார்த்தபடிதான் கேட்டாள்.

“லாவ் மாமா, சோதனையில ரத்தம் ரொம்ப நீர்த்திருக்குன்னு வந்திருக்கு. உறையாம இருக்கற மாத்திரையைக் கூடுதலாப் போட்டீங்களா?”

“ஒண்ணுதான். ஈறுல ரத்தம் கசியுது. ஈரல் போச்சா? மறைக்காம சொல்லு.”

“நாட்டு மருந்து ஏதாச்சும்?”

“கிடையாது.” லாவ் ஒரு டப்பாவை நீட்டினார். “இந்தா, பேத்தி பிறந்திருக்கா. பிள்ளை பெத்தவளுக்கு நம்ம சீன வழக்கப்படி குடுக்கற, பன்றிக்கால் போட்ட இஞ்சிக்காடி. மருமக தொடல. நான்தான் தினம் நாலு கிண்ணம் காலி பண்றேன்.”

கோனி சிரித்துவிட்டாள். “பிள்ளை பெத்தது அவளா, நீங்களா? அவ்வளவு இஞ்சி மாத்திரையோட வேகத்தை ஏத்திவிட்டிருக்கும். நிறுத்துங்க, டாக்டர்கிட்ட பேசறேன். ஈரல் சோதனை நல்லாத்தான் வந்திருக்கு.”

லாவுக்குப் போன உயிர் திரும்பியது.

“ஈரல் நல்லா இருக்கறதே இஞ்சியாலதான்!” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.