பன்னிரண்டாவது வண்டி

டமார்!

கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள, அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பின்பக்கமாக ஒரு கொத்துக் கரும்புகையைத் துப்பிவிட்டு அடங்கியது.

"என்னப்பா, எனக்கு வெடி போட்டு வரவேற்பா?" என்று சிரித்தபடியே வந்தார் நடுவர்.

பழைய கார் சங்கத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். புதுப்பித்த வண்டியில் எது அசல் பாகம், எது போலி என்று கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதிலும் சைலன்சர் என்றால் சட்டை அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார்.

வண்டியைப் புதுப்பித்த மெக்கானிக்கின் கை வியர்த்தது. துணியில் துடைத்தான். மறுபடி வியர்த்தது.

"ஏன்டா திருதிருன்னு முழிக்கிற? ஒண்ணரை வருஷமா மாடா உழைச்சிருக்க. சர்டிபிகேட் வாங்காம இங்கிருந்து நகர்றதா இல்ல," என்றாள் அவனுடைய அக்கா.

கார் அவள் கணவருடையது. அவர் இறந்து மூன்று வருடமாகிறது. "போட்டியெல்லாம் வேண்டாம்க்கா, வண்டி பாட்டுக்கு வீட்டுல நிக்கட்டும்" என்று தம்பி தலைபாடாய் அடித்துக்கொண்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நடுவர் டார்ச்சுடன் அடியில் நுழைந்தார். ஐந்து நிமிடம் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நம்ம மாதிரி பீஸை எடுத்துட்டு வாங்க," என்றார் உதவியாளரிடம்.

எதற்காக மெக்கானிக் இத்தனை நாளும் பயந்தானோ அது நடந்தேவிட்டது.

இந்த மாடலுக்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே அசல் சைலன்சர் என்று சங்கத் தலைவர் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்த பொருள் அது. பூட்டிய அலமாரியில் இருக்கும். அதோடு ஒத்துப்போனால் அசல், இல்லாவிட்டால் போலி. அப்பீல் கிடையாது.

உதவியாளர் அதை வெல்வெட் துணியோடு ஒற்றைக் கையில் தூக்கி வந்தார்.

"சார், பின்பக்கம் கனம். இன்னொரு கையையும் கொடுங்க," என்றான் மெக்கானிக், தன்னை மறந்து. அவன் சொல்லி முடிப்பதற்குள் அது சரிய, உதவியாளர் குழந்தையைப் போல மார்போடு அணைத்துப் பிடித்தார்.

"விவரமான ஆளுதான்," என்றார் நடுவர். அது பாராட்டாகத் தோன்றவில்லை.

மேசைமேல் வெல்வெட்டை விரித்து அதன் நடுவில் மாதிரியை வைத்தார்கள். நடுவர் அக்காவை அருகில் அழைத்தார்.

"இந்த வெல்டிங்கைப் பாருங்கம்மா. நூல் பிடிச்ச மாதிரி ஓடுது. அடிச்சிருக்கிற நம்பர் ஒவ்வொண்ணும் ஒரே வரிசை. இப்ப குனிஞ்சு உங்களோடதைப் பாருங்க. வெல்டிங் குடிகாரன் நடை நடக்குது. ஏழு சாஞ்சு படுத்திருக்கு. அவ்ளோ பெரிய கம்பெனி இப்படி ஒரு சரக்கை வெளிய விடுமா?"

"அது அசல்தான் சார்," என்றான் மெக்கானிக்.

"இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. இந்த மாடல்ல பதினோரு வண்டியைத் தள்ளியிருக்கேன். ஒருத்தர் அவமானம் தாங்காம இங்கேயே கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் போனார். அத்தனையும் இதே கோணல், இதே சாஞ்ச ஏழு. எவனோ ஒருத்தன் போலி செஞ்சு ஊரெல்லாம் வித்திருக்கான்." நடுவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆளு யாருன்னுதான் இத்தனை நாளா தெரியாம இருந்துச்சு."

அக்கா மெல்லத் திரும்பினாள்.

"டேய், அவர் இருந்த வரைக்கும் இந்தக் குழாயில ஒருத்தரும் கை வெச்சதில்ல. உன்கிட்ட விட்டப்புறம்தான்... அசலை எங்கடா வித்த?"

"வேற யாராவது கேட்டா பரவாயில்ல. நீ கேக்குறியேக்கா."

"நான்தான்டா கேக்கணும். நம்பிச் சாவியைக் கொடுத்தவ நான்தானே!"

நடுவர் ஒரு தாளை நீட்டினார். "தெரியாம போலியை மாட்டிட்டேன்னு கையெழுத்துப் போடு. பட்டறையை மட்டும் எங்க பட்டியல்ல இருந்து தூக்கிடுறோம். போலீசு, கேஸுன்னு இழுக்க வேண்டாம். அம்மா முகத்துக்காகச் சொல்றேன்."

மெக்கானிக் பேனாவை வாங்கினான். ஒரு கிறுக்கல் போதும், பட்டறையோடு போய்விடும். ஜெயில் இல்லை. தாளில் முனையை வைத்தான்.

"போடு," என்றாள் அக்கா. கண்ணில் நீர் இல்லை. "போட்டுட்டு அப்படியே போயிடு. இனிமே என் வாசப்படி மிதிக்காதே. செத்த மனுஷன்கிட்டேயே திருடின கை உன் கை."

பேனா நின்றது. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன் அந்த முகத்தைத் தோளில் தாங்கியவன் அவன்தான்.

பேனாவை மூடித் தாளின் மேல் வைத்துவிட்டு நடுவரிடம் சொன்னான்.

"கம்பெனியில ஒரு நாளைக்கு நூறு பீஸ் அடிக்கிறவன் கை கோணத்தான் கோணும் சார்... அந்த வெல்வெட்டு மேல இருக்கே, அதை நூல் பிடிச்சு செஞ்சது நான்."