பதினொன்றாம் லிவர்

மாரிச்செல்வம் பைக்குள் கைவிட்டு அயிலை மீனை மட்டும் எடுத்துக் கொடுத்தான். மீனுக்கு அடியில் இருந்ததை எடுக்கவே போவதில்லை என்று பள்ளுருத்திக்கு பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தான்.

"இவ்வளவும் எனக்கு ஒருத்திக்கா?" என்று கடிந்தபடியே பேச்சியம்மாள் சட்டியை நீட்டினாள். அந்தச் சந்தில் எல்லாருக்கும் அவன் அவளுடைய மகன். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவனை வேறு என்னவென்று நினைப்பார்கள்?

மகன் இல்லை. அவளுடைய புருஷனைக் கொன்றவனின் மகன்.

கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கம், துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் பிரிந்துபோன பழைய ஜங்ஷன். அங்கே சிக்னல் கேபின் மாடியில் தண்டவாளத்தைத் தடம் மாற்றும் லிவர்களை இழுக்கும் வேலை மாரிச்செல்வத்தின் அப்பா செல்லப்பாவுக்கு. கீழே தண்டவாளத்தில் நின்று பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை பேச்சியம்மாளின் புருஷன் தங்கப்பனுக்கு.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பின்னோக்கி வந்த பெட்டிகள் தடம் மாறி வந்து தங்கப்பனை நசுக்கிவிட்டன. பதினொன்றாம் லிவரைத் தப்பாக இழுத்துவிட்டேன் என்று விசாரணையில் செல்லப்பாவே ஒப்புக்கொண்டார்.

வேலை போனது, குவார்ட்டர்ஸும் போனது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் மாரிச்செல்வத்தை, "கொலகாரன் மகன்" என்று கூப்பிட்டார்கள். பதினாறு வயதில் ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அப்பாவின் முகத்துக்கு நேராகவே, "நீ கொலகாரன்தானே?" என்று கேட்டான்.

செல்லப்பா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை கிடைத்த முதல் வாரமே மாரிச்செல்வம் பேச்சியம்மாளைத் தேடி வந்தான். "சித்தி, எங்கப்பா செஞ்ச தப்புக்கு..." என்று ஆரம்பித்ததும் அவள் ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"அதச் சொல்லாத மக்களே. இனி ஒருநாளும் அதச் சொல்லாத."

எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கு வழியெல்லாம் அழுதுகொண்டு திரும்பினான். அதற்குப் பிறகு அவள் வீட்டு ஓட்டை மாற்றியது அவன். அவள் மகள் அஞ்சுவின் கல்யாணத்தில் பந்திக்கு முன்னால் நின்றதும் அவன்தான்.

போன வாரம், கேபினை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவனைக் கூப்பிட்டு அனுப்பியதும் அவள்தான். "இடிக்கறதுக்கு முன்னால ஒருவாட்டி உள்ள போயி நல்லாப் பாத்துட்டு வா. உங்கப்பா உக்காந்த எடமில்லையா?"

நேற்றுப் போனான். தண்டவாளம் புல்லுக்குள் புதைந்து கிடந்தது. சுவரைப் பிளந்துகொண்டு ஆல் முளைத்திருந்தது. மாடியில் லிவர்கள் துருப்பிடித்து வரிசையாக நின்றன. இடிக்க வந்த ஆட்கள் மர அலமாரியைப் பெயர்த்தபோது, சுவருக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. தார்ப்பாய்த் துண்டில் சுற்றி, சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய நோட்டுப்புத்தகம்.

உள்ளே அப்பாவின் கிறுக்கலான தமிழ். மலையாளப் பள்ளியில் படித்தவன் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான்.

'காலை 6.10. பதினொன்றாம் லிவர் கம்பி அறுந்தது. லிவரைப் பூட்டிச் சாவியைத் தங்கப்பனிடம் கொடுத்தேன். கம்பி மாற்றும்வரை கீழே நின்று கையால் தடம் திருப்பும் பொறுப்பு அவருடையது.' அடியில் தங்கப்பன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

விபத்து நடந்தது அதே நாள் எட்டரை மணிக்கு.

பூட்டிய லிவரை அப்பா எப்படி இழுத்திருக்க முடியும்? தங்கப்பன்தான் தடத்தைத் தப்பாகத் திருப்பி, தானே அதில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அப்படித் தெரிந்திருந்தால் கைக்குழந்தையோடு நின்ற பேச்சியம்மாளுக்குப் புருஷனுக்குப் பதிலாக ரயில்வேயில் வேலை கிடைத்திருக்காது. அப்பா புத்தகத்தை ஒளித்துவிட்டுப் பழியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

மாரிச்செல்வம் அந்தத் தூசித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் குனிந்த தலை கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரே ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே இந்த மனுஷன்!

இரவு முழுக்கத் தூங்காமல் யோசித்தான். அப்பா உயிரைக் கொடுத்து மறைத்ததை எடுத்து, இந்த வயதில் பேச்சியம்மாளின் மடியில் போடுவதா? புருஷன் செய்த பிழையையும் அதற்கு இன்னொரு குடும்பம் அழிந்ததையும் இனிமேல் தெரிந்துகொண்டு அவள் என்ன செய்வாள்?

"சாயா போடட்டா?" என்று கேட்ட பேச்சியம்மாள் அடுப்புப் பக்கம் போகாமல் அங்கேயே நின்றாள். "கேபினுக்குப் போனியா மக்களே?"

"போனேன் சித்தி."

"உள்ளயெல்லாம் பாத்தியா?"

"பாத்தேன். இடிச்சு லாரில அள்ளிட்டாங்க."

"எதுவும் கிடைக்கலியா?"

"அங்க என்ன கெடைக்கும்? எல்லாம் துருப்பிடிச்ச இரும்புதான்." பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் சிரிக்கப் பார்த்தான்.

பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்போ... உங்கப்பா எனக்காவ ஒளிச்சு வச்ச அந்த புக்கும் போச்சா மக்களே?"