இனிமேல் நிறம் கிடையாது

கறுப்பர்கள் நடத்தும் கம்பெனிகளுக்கு நகராட்சி வேலைகளில் தனிப் பங்கு ஒதுக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. செய்தி காதில் விழுந்த வேகத்தில் வெள்ளைக்கார முதலாளி கார்ல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரின் கிழக்கே தார் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கே காரை ஓட்டி வந்துவிட்டார்.

“ஆமோஸ், இங்க வாப்பா! இனிமே திறமைக்குத்தான் வேலை. உன் மூஞ்சியக் காட்டி வேலை வாங்குற காலம் போச்சு. நீ கிளம்பலாம்.”

கறுப்பரான ஆமோஸ் மண்வெட்டியை ஊன்றி நின்றார். முகமெல்லாம் தார்.

“ஒன்பது வருஷமா ரோடு போட்டது நான், பாஸ். மூஞ்சியாலயா போட்டேன்?”

“கோவிச்சுக்காத. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“சட்டம் இருந்தப்ப லாபம் உங்களுக்கு, கூலி எனக்கு. சட்டம் போனா அந்தக் கூலியும் கிடையாதா? என்ன நியாயம் பாஸ் இது?”

“வளவளன்னு பேசாத. டிரக் சாவியக் கொடு.”

“எந்த டிரக்கு?”

“என் டிரக்குடா!”

பாவம், ஆமோஸுக்கு அப்போதுதான் பொறுமை போயிற்று.

“அந்தப் பங்கு வேலை கிடைக்கணும்னு போன மாசம் நகராட்சி அதிகாரி முன்னால வலது கையத் தூக்கிச் சத்தியம் பண்ணீங்களே, மறந்துட்டீங்களா? ‘கம்பெனி, வண்டி எல்லாம் ஆமோஸோடது. நான் அவர்கிட்ட வெறும் சம்பளக்காரன்’னு. அது பொய்னு இப்ப சொன்னா, நேரா ஜெயில்தான்.”

சாவிக்கு நீட்டியிருந்த கையைக் கார்ல் இழுத்துக்கொண்டார்.

“ரோலர் ஓட்டுறவன் இன்னிக்கு வரல” என்றார் ஆமோஸ். “ஏறி உக்காருங்க, கார்ல்.”