செவ்வாய்க்கிழமை ஏற்றம்

ஓஹையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வரும் மேட்டில், டெல்பர்ட் ஓட்டிவந்த சரக்கு ரயில் இந்தச் செவ்வாய்க்கிழமையும் நின்றுவிட்டது. இறங்கினால், எதிரே ரயில்வே இன்ஸ்பெக்டர் ஹாஸ்கின்ஸ்! காரில் முன்னாடியே வந்து காத்திருக்கிறார்.

"நூறடிக்கு ஓரடிதான்யா ஏறுது. அளந்துட்டேன். மத்த டிரைவருங்க எல்லாம் ஏறலையா?"

"சக்கரம் வழுக்குது சார். பிடிப்புக்காகத் தண்டவாளத்துல மணல்கூடத் தூவிட்டேன்."

"அடுத்த வாரமும் நின்னா வீட்டுக்குப் போயிடு!"



தண்டவாளத்தை ஒட்டிய வீட்டிலிருந்து லொரெட்டா, வழக்கம்போலச் சுடச்சுட டோனட் தட்டோடு ஓடிவந்தாள். "அவரைத் திட்டாதீங்க சார். இந்த மேடு பொல்லாதது. முதல்ல இதைச் சாப்பிடுங்க."

ஹாஸ்கின்ஸ் ஒன்றை எடுத்தவர், என்ன தோன்றியதோ, குனிந்து தண்டவாளத்தை விரலால் வழித்து மோந்து பார்த்தார். பிறகு டோனட்டை மோந்தார்.

"ரெண்டுலயும் ஒரே பன்றிக் கொழுப்பு! ஏம்மா, நீதான் தடவுறியா?"

லொரெட்டாவின் முகம் சிவந்தது. "இவர் ரயில் நின்னாத்தானே சார், இவரோட நாலு வார்த்தை பேச முடியும்?"

டெல்பர்ட் வாயைப் பிளந்தான்.

"அப்ப நிஜமாவே வழுக்குச்சா? நான் பிரேக்கைப் பிடிக்கிறதாலதான் நிக்குதுன்னுல்ல நினைச்சேன்!"