உப்புத்தாள்

“உப்புத்தாளை வெச்சு ரெண்டு தேய் தேய்ச்சா முடிஞ்சுது. இதுக்குப் போய்க் காலையிலேர்ந்து உக்காந்திருக்கியே, தம்பி.”

மெக்கானிக் ஸ்வெதோசார் நிமிரவில்லை. காரின் என்ஜின் ஹெட்டைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து, கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தகடான பழைய கேஸ்கட், ஒட்டிப்போயிருந்ததைப் பிளாஸ்டிக் சுரண்டியால் துணுக்குத் துணுக்காக எடுத்துக்கொண்டிருந்தார். பெச்செய் ஊரில் அவரைவிட மெதுவான மெக்கானிக் கிடையாது. அவர் மாட்டிய கேஸ்கட் மறுபடி ஒழுகியதும் கிடையாது.

“தெசாங்கா அக்கா, நீங்க அடுப்புல புரெக் ரொட்டி சுடும்போது நான் வந்து யோசனை சொல்றேனா?”

“சொல்லித்தான் பாரேன்.”

அவர் சிரித்தார். தெசாங்கா சிரிக்கவில்லை. அந்தக் காரில்தான் அவள் மகன் ஓக்னென் மறுநாள் விடியற்காலை ஜெர்மனிக்குக் கிளம்புகிறான். திங்கட்கிழமை காலை போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்கு.

“நாளைக்குள்ள முடியுமா?”

“சாயங்காலமே வந்து எடுத்துக்கலாம். ஆனா உப்புத்தாள் மட்டும் கிடையாது.”

“தேய்ச்சா அப்படி என்னதான் ஆயிடும்?”

“கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதுக்கு மேல எவ்வளவு நல்ல கேஸ்கட் வெச்சாலும் உக்காராது. தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கும். வண்டி வெள்ளையா புகை கக்கிட்டு நின்னுடும்.”

“எவ்வளவு தூரத்துல?”

“அம்பது கிலோமீட்டர் போனா அதிர்ஷ்டம்.”

“ஆளுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆளுக்கு என்ன ஆகும்? ரோட்டோரமா நின்னு என்னைத் திட்டுவான்.”

தெசாங்கா அந்த ஹெட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“அவன் தாண்டிப் போக வேண்டிய ஹங்கேரி எல்லை இங்கேர்ந்து எவ்வளவு?”

“எண்பது.”

அவள் அலமாரியிலிருந்து ஒரு உப்புத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அப்ப இதாலயே தேய்ச்சுடு, தம்பி. எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்.”

ஸ்வெதோசார் சுரண்டியைக் கீழே வைத்து, உப்புத்தாளை ஓரமாகத் தள்ளினார். தின்னரில் துணியை நனைத்து, ஹெட்டை ஓரம்வரை பொறுமையாகத் துடைத்தார்.

“முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் ஆஸ்திரியாவுக்குக் கிளம்பினப்போ, எங்கம்மாவும் ஒரு மெக்கானிக்கிட்ட இதையேதான் கேட்டாங்க, அக்கா,” என்றார். “அவர் தேய்ச்சுட்டார்.”