கண்டெய்னர் ஆபீஸுக்குப் போனவன்

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்பா! ஊமைக்கோட்டான் மறுபடியும் கண்டெய்னர் ஆபீஸுக்குள்ள போயிட்டு வர்றான். இதோட மூணாவது தடவை!"

கிரேன் அண்ணன் இப்படிச் சொன்னதும் எங்க சந்தே கொதிச்சுப் போச்சு.

கொதிக்காம என்ன செய்யும்? துறைமுகத்தைப் பெருசாக்கப் போறாங்களாம். மூணு நாடு கூட்டு சேர்ந்து நகரத்தையே புதுசாக்கப் போகுதாம். எங்க நாற்பத்தோரு வீட்டையும் இடிச்சுட்டு அங்கே கண்ணாடிக் கட்டடம், நடைபாதை, பூச்செடி. எங்களுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி. காலையில அஞ்சு மணி ஷிப்டுக்கு அங்கிருந்து பறந்தா வர முடியும்? வீடு போனா வேலையும் போச்சு.

அதனால, ஒரு வீடுகூட சம்மதக் கையெழுத்துப் போடறதில்லைன்னு சங்கத்துல கூடி முடிவு பண்ணியிருந்தோம். கிரேன் அண்ணன்தான் சங்கத் தலைவர். "எவன் போடறானோ, அவன் இந்தச் சந்துல மனுஷனா நடமாடக்கூடாது!"ன்னு மைக்குல முழங்கினார். எல்லாரையும்விட பலமாக் கைதட்டினது நான்தான். வெல்டிங் பட்டறைக்காரன் கை, சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாவே கேட்டுது.

ஊமைக்கோட்டான்ங்கறது பட்டப்பேர். இழுவைப் படகு ஓட்டறவன். கேட்டா ஒரு வார்த்தை, கேட்காட்டி அதுவும் இல்லை. துறைமுக வாசல்ல ஒரு பழைய கண்டெய்னரை வச்சு திட்டக்காரங்க ஆபீஸ் போட்டிருந்தாங்க. அங்கே அவனுக்கு என்ன வேலை?

அன்னிக்குச் சாயந்திரமே வாசல்ல மடக்கினோம்.

"எதுக்குடா அங்கே போனே?"

"எழுதிக் குடுக்க."

"பார்த்தீங்களா! அவன் வாயாலேயே சொல்லிட்டான்!"

"முழுசாக் கேளுண்ணே, நான்..."

"இன்னும் என்னத்தக் கேக்கறது? சோறுதானே திங்கறே நீ?"

அவன் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தான். உள்ளே போயிட்டான்.

மறுநாள் குழாயடியில அவன் பொண்டாட்டி குடம் வரிசையை விட்டு உருண்டு கிடந்துது.

"அக்கா, என் குடம் இங்கதானே இருந்துச்சு?"

"புது வீட்டுல இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வருமாமே. அங்கேயே போய்ப் பிடிச்சுக்கோ தாயி"ன்னாங்க கிரேன் அண்ணி. சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க.

அவன் மகளோட யாரும் விளையாடக் கூடாதுன்னு சொல்லி வச்சோம். மளிகைக் கடையில சாமான் தரலை. படகுல கூட வேலை பார்க்கறவங்களும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. மூணு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தான். ஒருநாள் அந்தப் பொண்ணு நெத்தியில ரத்தத்தோட அழுதுக்கிட்டு வந்துது. எவன் வீட்டுப் பிள்ளையோ கல்லால அடிச்சிருக்கான்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு தள்ளுவண்டியில சாமானை ஏத்தினான். இரும்பு பீரோவைப் புருஷனும் பொண்டாட்டியுமா மூச்சிரைக்கத் தூக்கினாங்க. நாற்பது வீட்டுல ஒருத்தர்கூட கை குடுக்கலை. நான் ஜன்னலைச் சாத்திக்கிட்டேன்.

"பீடை ஒழிஞ்சுது"ன்னார் கிரேன் அண்ணன்.

பத்தே நாள். காலையில கதவைத் திறந்தா, சந்து முனையில இடிக்கிற மெஷின். திட்ட ஆபீஸர் அம்மா கையில ஃபைலோட நின்னாங்க. பக்கத்துல ஒரு வெளிநாட்டு இன்ஜினியர்.

கிரேன் அண்ணன் குறுக்கே போய்ப் படுத்தார். "எங்க சம்மதம் இல்லாம ஒரு கல்லை நகர்த்த முடியாது!"

ஆபீஸர் அம்மா ஃபைலைப் புரட்டினாங்க. "ஏழாம் நம்பர் வீடு நீங்கதானே? முதல் சம்மதமே உங்களோடதுதான் சார்."

கிரேன் அண்ணன் மெதுவா எழுந்து உக்கார்ந்தார். அண்ணி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

அந்தம்மா நம்பரைப் படிச்சுக்கிட்டே போனாங்க. எட்டு, ஒன்பது, பத்து... ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு தலை குனிஞ்சுது. இருபத்திமூணு வந்தப்போ என் தலை. வெக்கமா இருக்கு, ஆனா சொல்லித்தான் ஆகணும். அம்மாவுக்கு முட்டி வலி. கீழ்த்தளத்துல வீடு தர்றேன்னாங்க. நம்ம ஒருத்தன் போட்டா என்ன ஆயிடப் போகுதுன்னு போட்டுட்டேன். நாற்பது பேரும் அப்படித்தான் நினைச்சிருக்கோம்.

கிரேன் அண்ணனுக்கு இன்னும் வீம்பு போகலை. "நீங்க ராத்திரியில யாருக்கும் தெரியாம வீடு தேடி வந்துதானே எங்ககிட்ட வாங்கினீங்க. அப்போ அந்த ஊமைக்கோட்டான் மட்டும் எதுக்கு ஆபீஸுக்கு அலைஞ்சான்?"

"சம்மதம்னா நாங்க தேடி வருவோம் சார். மாட்டேன்னு சொல்றவங்கதான் மாசாமாசம் ஆபீஸுக்கு நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும். அவர் மூணு மாசமும் வந்து எழுதினார்."

நான் திரும்பி, பூட்டிக் கிடந்த அவன் வீட்டைப் பார்த்தேன்.

"ஒரு குடும்பம் மறுத்தாலும் வேலையைத் தொடங்கக் கூடாதுங்கறது அந்த மூணு நாட்டோட நிபந்தனை. அவர் ஒருத்தராலதான் இந்த மெஷின் இத்தனை நாள் வெளியே நின்னுது. வீட்டைக் காலி பண்ணிட்டா மறுப்பு செல்லாது."

வெளிநாட்டு இன்ஜினியர் சிரிச்ச முகத்தோட முன்னால வந்து, கிரேன் அண்ணனோட கையைப் பிடிச்சுக் குலுக்கி என்னமோ சொன்னார்.

"என்னம்மா சொல்றார்?"ன்னு கேட்டேன்.

"'அவரை எங்களால அசைக்கவே முடியலை. நீங்க எல்லாரும் சேர்ந்து எப்படி அனுப்பி வச்சீங்க? ரொம்ப நன்றி'ன்னு சொல்றார்."